யார் சுற்றிய நூல்

என் வீட்டுக்காரர் ஜெர்சன் வாசித்த ரெக்கார்டு எதை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், அதில் நான் இருப்பேன். அட்டையில் தேடாதீர்கள். முதல் சிடியில் மட்டும் 'என் மனைவி ஜெஸ்மிக்கு' என்று பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. இரண்டாவதில் அது 'குடும்பத்தாருக்கு' என்று ஆனது. மூன்றாவதில் அதுவும் இல்லை. போகட்டும், நான் சொல்வது சத்தத்தில்.

அவர் வாசிப்பது வைப்ரபோன். அலுமினியப் பட்டைகளைப் பியானோ கட்டைகள் மாதிரி இரண்டு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாயைத் தொங்கவிட்டிருப்பார்கள். காலால் மிதிக்க ஒரு பெடல். மிதித்தால் ஸ்வரம் நீண்டு நிற்கும், காலை எடுத்தால் அறுந்துபோகும். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு செல்லக்கனி அக்கா முதல்முறை பார்த்தபோது, "இது என்ன ஜெஸ்மி, தறியா?" என்று கேட்டாள்.

இரண்டு கையிலும் இரண்டிரண்டு குச்சி பிடித்து அடிக்கவேண்டும். பிரம்புக் குச்சி, நுனியில் ரப்பர் உருண்டை, உருண்டையின் மேல் நூல். அந்த நூலைச் சுற்றுவது நான்.

கல்யாணமான புதிதில் வெளிநாட்டுக் குச்சிகள்தான் வைத்திருந்தார். எங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்தக் கம்பளி நூல் பிசுபிசுத்துப் பிரிந்துவிட்டது. ஒரு லீவு நாளில் நான் உட்கார்ந்து பருத்தி நூலை வைத்துச் சுற்றிக் கொடுத்தேன். அடித்துப் பார்த்தார், நிறுத்தினார், மறுபடியும் அடித்தார். "இனிமே வேற யாரும் இதத் தொடக்கூடாதுளா" என்றார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னிடம் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரப்பருக்கும் நூலுக்கும் நடுவே அவருடைய பழைய பனியனைக் கிழித்து ஒரு பட்டை சுற்றிவிடுவேன். அதனால்தான் அடி விழுவது காதில் கேட்காமல் ஸ்வரம் மட்டும் எழும்பி வரும். இதை அவரிடமே நான் சொன்னதில்லை. நான் சுற்றும்போது வளையமாக இருக்கும் நூற்கண்டை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு எதிரே உட்காருவது அவர் வேலை. ஊரெல்லாம் சுற்றுகிற மனுஷன் அந்த ஒரு மணி நேரம் எங்கேயும் எழுந்துபோக முடியாது. கை கட்டப்பட்டிருக்கும்.

அவர் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாசரேத்துப் பள்ளிக்கூட பாண்டில் டிரம் அடித்தவர். கொச்சியிலிருந்து போகும் சுற்றுலாக் கப்பலில் டிரம்மராக ஏறினார். அந்தக் கப்பல் பாண்டில் ஒரு மூலையில் இந்த வாத்தியம் போர்வை மூடிக் கிடந்திருக்கிறது. போர்வையை விலக்கியவர் அதன்பிறகு டிரம் பக்கம் திரும்பவில்லை, ஜாஸ் என்கிற மேல்நாட்டு இசையில் இறங்கிவிட்டார். மும்பையில் ஒரு ஹோட்டல் தன் பாண்டைக் கலைத்தபோது அவர்களுடைய வைப்ரபோனை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமனார் அற்புதமணி, "ஜாஸ்னா என்னல? கோயில்ல வாசிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் பேச்சை விட்டுவிட்டார்.

முதல் ரெக்கார்டு 'உப்பளம்.' பேர் வைத்தது நான். சென்னையில் சினிமாப் பாட்டு எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று சும்மா கிடந்த நாட்களில் எடுத்தது. இரண்டாவது மும்பை கிளப் ஒன்றில் ஆட்கள் முன்னால் வாசித்தது. அதில் மூன்றாவது பாட்டில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிரிப்பாள். நல்ல இடத்தில், அவர் ஒரு ஸ்வரத்தை விட்டு நிறுத்துகிற இடத்தில் சிரிப்பாள். யார் அவள் என்று நான் கேட்காத விதமில்லை. "ஏதோ மேசைல இருந்தவதாம்ளா" என்பதற்கு மேல் பதில் இல்லை. மூன்றாவது 'வாடை,' ஜெர்மனியில் ஒரு ரேடியோ நிலையத்தில் பதிவு செய்தது. அந்தப் பேரும் நான் வைத்ததுதான். அவர் ரெக்கார்டுகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். இசை நன்றாக இருக்கும், தவிர வாசித்த நான்கு பேரும் ஆண்கள்.

அதற்குப் பிறகுதான் ரோஸ் வந்தாள்.

ரோஸ் ஆள் உயரத்துக்கு இருக்கும் பெரிய பேஸ் வயலினை நின்றுகொண்டு வாசிப்பவள். மும்பையில் வளர்ந்தவள், பூர்வீகம் இங்கே பெரியதாழை. அவள் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து போனில் ரோஸ் புராணம்தான். "நம்ம ஊர்ப் பிள்ளைளா" என்பார். நம்ம ஊர் என்றால் இவருக்குப் பெரியதாழை வரைக்கும் நீளும். "என்னைய அண்ணன்னுதான் கூப்பிடுதா" என்பார். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? நான் கணக்கு டீச்சர். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அண்ணன் என்று ஆரம்பித்துக் கல்யாணப் பத்திரிகையில் முடிந்த கதைகளைப் பார்த்தவள்.

போன வருஷம் கோவாவில் ஒரு விழாவில் வாசித்துவிட்டு ஒரு கறுப்பு டி-ஷர்ட்டோடு வந்தார். நெஞ்சில் வெள்ளை மையில் குழுவின் படம். நடுவில் இவர், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ரோஸ், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். வீட்டில் இருந்த நாளெல்லாம் அதையேதான் போட்டுக்கொண்டு திரிந்தார். துவைக்கப் போட்டால் காய்வதற்குள் எடுத்து மாட்டிக்கொள்வார்.

மே மாதம் அவர் அடுத்த ரெக்கார்டுக்காக டென்மார்க் கிளம்புவதற்கு முந்தின நாள். என்ன பேர் வைக்கலாம் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தபோது, "பேரு முடிவாயிட்டு ஜெஸ்மி. கச்சான்" என்றார். கச்சான் என்றால் மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு அடிக்கும் வறண்ட காற்று. நல்ல பேர்தான்.

"யாரு வச்சது?"

"ரோஸ்தான் சொன்னா. கடக்கரப் பிள்ளைல்லா, காத்து பேரெல்லாம் அவளுக்குத் தெரியுது."

அன்றைக்கு நடந்த சண்டையை எழுதினால் தாள் கருகும். அவர் குளிக்கப் போன நேரத்தில் கொடியில் கிடந்த அந்த டி-ஷர்ட்டை எடுத்துப் பட்டை பட்டையாகக் கிழித்தேன். மனசு குளிர்ந்தது. வெளியே வந்து தேடினார்.

"காத்துல போயிருக்கும். கச்சான்தான அடிக்கு" என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி அடுக்கினார். நான் முன்னறையில் தனியாக உட்கார்ந்து, நூற்கண்டை நாற்காலி முதுகில் மாட்டிக் குச்சிகளைச் சுற்றி முடித்தேன். மறுநாள் வழக்கம்போலத் துணிப்பையில் போட்டுக் கொடுத்து, வழக்கம்போல வாசலில் ஜெபம் பண்ணி அனுப்பினேன். சண்டை வேறு, குச்சி வேறு.

ஆகஸ்டில் 'கச்சான்' வந்தது. லிங்க் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலைகூட மாற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ரோஸின் பேஸ், தனியாக. நன்றாகத்தான் வாசித்தாள், அதை ஒத்துக்கொள்ள எனக்கு வலித்தது. பிறகு இவர் உள்ளே வந்தார்.

நான்கு ஸ்வரம் தாண்டியிருக்காது, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அது என் குச்சி இல்லை.

விரல்கள் அவருடையவைதான். ஒரு வரியை முடிக்காமல் அடுத்த வரிக்குத் தாவுகிற அந்தக் கள்ளத்தனமும் அவருடையதுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் அடி விழுவது கேட்டது. டக்கென்று, கெட்டியாக, ஓங்கி. என் குச்சி அப்படிப் பேசாது. இத்தனை வருஷத்தில் ஒரு ரெக்கார்டில்கூட அப்படிப் பேசியதில்லை. ஒன்பது பாட்டையும் கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். வேறு யாரோ சுற்றிய குச்சி. யாரோ என்ன யாரோ, எனக்குத் தெரியாதா யாரென்று?

சாயங்காலம் போன் பண்ணினார். நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? "குச்சியெல்லாம் எப்படி இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"பிரமாதம்ளா. இந்தத் தடவ சத்தமே வேற. அதுல பாரு, ரோஸ் என்ன சொன்னா..."

சாம்பார் தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் சாம்பார் இல்லை.

அதிலிருந்து டிசம்பர் வரை நான் பட்டதைக் கேட்காதீர்கள். போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், கண்முன்னால் ஒரு ஹோட்டல் அறை வரும். சோபாவில் ரோஸ் உட்கார்ந்து நூல் சுற்றுவாள். எதிரே இவர் இரண்டு கையிலும் நூற்கண்டை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதைத் தாங்கியிருப்பேன். அந்த நூற்கண்டைத்தான் தாங்க முடியவில்லை.

போதாததற்கு ஊரெல்லாம் பாராட்டு. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதியதை எங்கள் தலைமையாசிரியை ஞானபாக்கியம் டீச்சர் போனில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தார். இத்தனை நாளும் மென்மையாக வாசித்த கலைஞர், இந்த ரெக்கார்டில்தான் தன் உண்மையான குரலைக் கண்டுபிடித்திருக்கிறாராம். விட்டுக்கொடுக்காத ஓசையாம். "ஒங்க சார் எங்கயோ போயிட்டாரு டீச்சர்" என்றார். ஆமாம், எங்கேயோதான் போய்விட்டார். இத்தனை வருஷம் நான் சுற்றிக் கொடுத்தது பொய்க்குரல், அவள் சுற்றிக் கொடுத்தது உண்மைக்குரல். முகம் கழுவப் போவதுபோல் எழுந்துபோய் அழுதுவிட்டு வந்து எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவு நடத்தினேன்.

சிடி அட்டையில் பேர் இல்லாததை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சத்தத்தில் இருக்கிறேன் என்று இருந்தேன். அங்கேயும் இல்லையென்றால் எனக்கும் அவருக்கும் நடுவில் மீதி என்ன? மாசா மாசம் பேங்குக்கு வருகிற பணமும் கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலையும்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் வந்தார். தனியாக வரவில்லை. பெரியதாழைக்குப் பண்டிகைக்குப் போகிற ரோஸையும் ஏர்போர்ட்டிலிருந்து அதே காரில் கூட்டிக்கொண்டு வந்தார். "மத்தியானம் நம்ம வீட்ல சாப்ட்டுட்டுப் போட்டும்" என்றார், ஏதோ எனக்குப் பரிசு கொண்டுவந்த மாதிரி.

படத்தில் பார்த்ததைவிட ரோஸ் உயரம். தலையைக் குனிந்து வாசலைத் தாண்டி, "அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. பேஸ் வாசித்துக் காய்த்ததா, நூல் சுற்றிக் காய்த்ததா என்று யோசித்தேன்.

சீலா மீன் குழம்பும் பொரியலும் வைத்திருந்தேன். உப்பைக் கூட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் என் சமையலை அவள் குறை சொல்ல நானே வழி பண்ணுவானேன்? அவள் இரண்டாம் முறை சோறு வாங்கி, குழம்பை வழித்துச் சாப்பிட்டாள். "அண்ணன் சொன்னது சரிதான்க்கா, மீன் கொழம்புன்னா ஒங்க கைதான்" என்றாள். அண்ணன் எதையெல்லாம் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் முன்னறைக்குப் போனார்கள். நான் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் கிடந்த பழைய குச்சிகளை எடுத்து இவர் ஏதோ வாசித்துக் காட்டினார். ரோஸ் சிரித்தாள். சரியாக அவர் ஒரு ஸ்வரத்தை விட்டு நிறுத்துகிற இடத்தில் சிரித்தாள்.

அவருடைய பயணப் பை சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. திறந்தேன். நான் தைத்துக் கொடுத்த துணிப்பைக்குள் குச்சிகள். ஒன்றை உருவி எடுத்தேன். நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது, ஆனால் பருத்தி நூல்தான். என் நூலையும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அவள் எப்படித்தான் சுற்றியிருக்கிறாள், உள்ளே என்னதான் வைத்திருக்கிறாள் பார்த்துவிடுவோம் என்று பிளேடை எடுத்துக் குறுக்கே கீறினேன்.

நூல் அவ்வளவு இறுக்கம். பிளேடு பட்டதும் தானாகவே படபடவென்று பிரிந்து தெறித்தது. மீதியை உரித்தேன். ரப்பருக்கு மேலே ஒரு கறுப்புத் துணிப் பட்டை. அதை விரித்தேன். கறுப்பில் வெள்ளையாக ஒரு பல்வரிசை.

ரோஸின் சிரிப்பு. அந்த டி-ஷர்ட்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். மே மாதம் அந்தச் சண்டைக்குப் பிறகு முன்னறையில் உட்கார்ந்து சுற்றியது அப்போதுதான் ஒழுங்காக ஞாபகம் வந்தது. பனியனைத் தேடி எழுந்துபோகாமல் காலடியில் கிடந்த கிழிசலை எடுத்து வைத்துச் சுற்றியிருக்கிறேன். அவர் கையில் நூற்கண்டு இருந்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மெள்ள மெள்ள என்று சொல்லிக்கொண்டும் இருப்பார். நாற்காலி எதுவும் சொல்லவில்லை. இழுத்த இழுப்பில் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்து, மறுநாள் வாசலில் ஜெபம் பண்ணும்போதுகூடப் பிளாஸ்திரியோடுதான் நின்றேன். கோபம் எனக்கு ஞாபகம் இருந்தது. கோபம் கைவழியாகக் குச்சிக்குள் போனதுதான் தெரியாது.

அவள் சுற்றியது என்று நான் நாலு மாதமாகப் பொறாமைப்பட்டதெல்லாம் என் கையைப் பார்த்துத்தான்.

"என்னளா செய்யுத?" இவர் வாசல்படியில் நின்றார். பின்னால் ரோஸ். மேசையில் கிடந்த குச்சியைப் பார்த்ததும் ஓடிவந்து எடுத்தார். "ஏளா, கச்சான்ல வாசிச்ச குச்சி இது. இத எதுக்கு அறுத்த?"

"யாரு சுத்துனதுன்னு பாத்தேன்."

"யாரு சுத்துவா? நீதான் சுத்துன."

ரோஸ் துணியை எடுத்து விரித்துப் பார்த்தாள். "அண்ணே, இது நம்ம கோவா டி-ஷர்ட்டுல்லா?"

இவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்துல போச்சுன்னு சொன்ன?"

"இதுக்குள்ளதான் போயிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

ரோஸ் சிரித்தாள். துணியில் இருந்த அதே பல்வரிசை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஸ்டுடியோல மொத நாள் அண்ணன் ரெண்டு அடி அடிச்சதுமே சொல்லிட்டேங்க்கா. இதச் சுத்துனவங்க யார் மேலயோ கடுங்கோவத்துல இருந்திருக்காங்கன்னு. அண்ணன் கேக்கல. எங்க வீட்ல அப்படில்லாம் ஒண்ணுமில்ல, அவ ரொம்ப சாதுன்னாரு."

"அததான் அன்னைக்கு போன்ல சொல்ல வந்தேன்" என்றார் இவர். "சாம்பார் தீயிதுன்னு வச்சிட்ட."

நாலு மாதப் பாரம் இறங்கிவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டுமே, ஒரு பாரம் இறங்கின இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தக் கோபம் கேட்கவில்லை. சுற்றிய எனக்கே கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தேயிராத இவளுக்கு இரண்டே அடியில் கேட்டிருக்கிறது. பேஸையாவது இன்னும் கொஞ்சம் மோசமாக வாசிக்கிறவளாக இருந்திருந்தால் அதை நான் மன்னித்திருப்பேன்.

கார் வந்து ரோஸ் பெரியதாழைக்குக் கிளம்பினாள். நான்கைந்து துண்டு மீனை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினேன் என்ற பேர் வரக்கூடாது.

அவள் போனதும் இவர் அறுந்த குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே, "பிப்ரவரில மும்பைல அடுத்த ரெக்கார்டு. எல்லாரும் அந்தச் சத்தத்தத்தான் கேக்காங்க. மத்த மூணும் நூல் தேஞ்சிட்டு. இதே மாதிரி சுத்தித் தாளா" என்றார். கேட்டுவிட்டுத் தானாகவே நூற்கண்டை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். எத்தனை மாதம் கழித்து அப்படி உட்கார்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பழைய பனியனில் ஒரு பட்டை கிழித்து வைத்து, ஆசை ஆசையாகச் சுற்றி முடித்தேன்.

எழுந்துபோய் அடித்துப் பார்த்தார். பழைய மாதிரியே ஸ்வரம் மட்டும் தனியாக எழும்பி முன்னறை முழுவதும் நின்றது. எனக்கு அது போதும்.

"நல்லாதான் இருக்கு" என்றார். "ஆனா இது இல்ல."

வந்து மறுபடியும் உட்கார்ந்தார். நான் அந்த நூலைப் பிரித்தேன். பனியன் பட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேசையிலிருந்த கறுப்புத் துணியை எடுத்து, பல்வரிசை மேலே வருகிற மாதிரி ரப்பரில் சுற்றினேன்.

"மும்பைக்கு ரோஸும் வாராளா?" என்றேன்.

"வராம? அவதான புதுப் பாட்டுல பாதி எழுதியிருக்கா. ஒரு மாசம் அங்கனதான் ரெண்டு பேரும் உக்காந்து பழகணும்."

நூல் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் மணிக்கட்டு இரண்டும் முன்னால் வந்து விழுந்தன.

"மெள்ளளா. கை வலிக்கி."

"அசையாதிய அத்தான்" என்றேன்.

முடித்துக் கொடுத்ததும் எழுந்துபோய் ஒரு பட்டையில் ஓங்கி அடித்தார். அடி கெட்டியாக விழுந்தது. முன்னறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

"இதுதாம்ளா" என்றார். "இதே மாதிரி இன்னும் மூணு."